வலது ஓரம்

வளைகாப்புக் கூடத்துச் சுவர்த்திரை, தூரத்துச் சொந்தங்களுக்கெல்லாம் விழாவை நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. புருஷனை இழந்த அக்கா தெய்வானை கூடத்தில்தான் நின்றாள்; திரையில் மட்டும் அவளைக் காணோம். வளையலுக்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்த பொன்னரசிக்குச் சுருக்கென்றது.

"சுவரே, கேமரா எவ்வளவு பார்க்குது? நீ எவ்வளவு காட்டுறே?"

"பார்ப்பது கூடம் முழுவதும். காட்டுவது வலது ஓரம் நீங்கலாக," என்றது சுவர்.

"நான்தாண்டி சொல்லிவச்சேன்," என்றாள் மாமியார். "நல்ல காரியத்துல அவ முகம் எதுக்கு?"

"முழுசையும் காட்டு, சுவரே."

"வீட்டுப் பெரியவர் சொல்ல வேண்டும்."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொன்னரசி வயிற்றைத் தாங்கியபடி எழுந்து, அந்த ஓரத்துக்கே போய்க் கைகளை நீட்டினாள்.

"முதல் வளையலை நீ போடுக்கா."

திரையில் வெறும் நாற்காலி. "பொண்ணு எங்கே? பொண்ணு எங்கே?" என்று தேசமெங்குமிருந்து சொந்தங்கள் கூப்பாடு போட்டார்கள்.

"எல்லாத்தையும் காட்டித் தொலை!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள் மாமியார்.