தும்மிய முயல்

பண்ணையில் அந்த முயலை எடை போட்டுப் பார்த்தவர்கள் உண்டு, கொஞ்சியவர்கள் இல்லை. ஆய்வுக்கூடத்து டாக்டர்தான் முதன்முதலாக மடியில் வைத்து, "ஒண்ணும் ஆகாதுடா தங்கம்" என்று காதைத் தடவிக்கொடுத்தார். பிறகு, மனிதர்களின் கொரோனா முயலுக்கும் தொற்றுமா என்று பார்க்க, அதன் மூக்கில் கிருமியைச் சொட்டுச் சொட்டாக விட்டார். முயல் அசையவே இல்லை, தங்கம் அல்லவா!

சில நாளில் முயல் தும்மியது. டாக்டர் பதறி விலகினார். அன்றிலிருந்து கீரையைக் குச்சியால்தான் தள்ளினார். கூண்டில் சிவப்புப் பலகை ஏறியது: "ஜாக்கிரதை! மனிதர்களுக்கு நோய் பரப்பும் பிராணி."

"அவர் குடுத்ததுதானே!" என்று விசும்பியது முயல்.

காட்டிலிருந்து பிடித்துவந்த வௌவால் ஒன்று பக்கத்துக் கூண்டில் இருந்தது. தன் பழைய சிவப்புப் பலகைக்குப் பின்னாலிருந்து அது கேட்டது:

"உன்னையும் தங்கம்னுதான் கூப்பிட்டாரா?"