மோட்டார் ரூம் நாற்றம்

"மூக்கைப் பொத்திக்காம பேஸ்மென்ட்ல இறங்க முடியல குமரவேல். எனக்கு அந்த கிரவுண்ட் ஃப்ளோர் பொண்ணு மேலதான் சந்தேகம்" என்றார் பட்டாபிராமன்.

சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர்தான் செகரட்டரி. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். வாடை விஷயத்தில் பொல்லாத மனிதர்.

"ஜோவிதாவா? அது என்ன சார் பண்ணுச்சு?" என்றார் பக்கத்து ஃப்ளாட் குமரவேல்.

"போன மாசம் பூரா கார்த்தால பக்கெட்டும் பினாயிலுமா இறங்கினதை நானே பாத்திருக்கேன். கார்கூட இல்லாதவளுக்கு அங்க என்ன வேலை? கருவாடோ என்ன கண்றாவியோ, கீழ கொண்டு வச்சுட்டு, நாறினதும் கழுவி விட்டுண்டு இருந்திருக்கா."

செப்டிக் டேங்க்கைத் திறந்து பார்த்தாயிற்று. செத்த எலி கிடக்கிறதோ என்று கார்களை எல்லாம் நகர்த்திப் பார்த்தாயிற்று. பைப்பில் கசிவே இல்லை என்று பிளம்பரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு பட்டாபிராமனே இறங்கினார். தூண் தூணாக மோந்துகொண்டே போனவர், மோட்டார் ரூமில் நின்றார்.

"இங்கதான்!"

உடைந்த தண்ணீர் டேங்க்குக்குப் பின்னால், இறுகக் கட்டிய கறுப்பு பிளாஸ்டிக் பை. குமரவேல் கர்சீப்பால் மூக்கை மூடிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்கோ. அவ கண் முன்னாடியே பிரிக்கலாம்."

சர்ச்சுக்குக் கிளம்பிய கோலத்தில் ஜோவிதா வந்தாள். பையைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"சார், பிரிக்காதீங்க, ப்ளீஸ்! என்னோட துணிதான். துவைக்கணும்னு வச்சு மறந்துட்டேன். நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

"பாத்தேளா? நான் சொல்லல?" பட்டாபிராமன் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "படிச்ச பொண்ணு பண்ற காரியமா இது? மனுஷா வாழற இடமா, இல்ல மாட்டுத் தொழுவமா? மொதல்ல வீட்டைக் காலி பண்ணு!"

"சீ!" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

ஜோவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

பட்டாபிராமன் குச்சியால் பையைக் குத்திக் கிழித்தார். மூத்திர நாற்றம் முகத்தில் அறைந்தது. ஈரப் பாவாடைகள். பழைய துண்டுகள். நடுவே ஒரு புடவை. மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர்.

குச்சி கையிலிருந்து நழுவியது.

போன தீபாவளிக்கு, கடையில் நின்று அவரே பொறுக்கியெடுத்து மனைவி அபிதகுஜாம்பாளுக்கு வாங்கிக் கொடுத்த புடவை.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களே இப்படித்தான் சார்..." என்று ஆரம்பித்தார் குமரவேல்.

"நிறுத்துங்கோ!" பட்டாபிராமன் குறுக்கே கையை நீட்டினார். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்கோ. இது... என் ஆத்துக்காரி புடவை."

மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியேறிப் போனார்கள்.

ஜோவிதா மட்டும் குனிந்து, சிதறிய துணிகளை வெறுங்கையால் அள்ளிப் பையில் திணித்தாள்.

"மாமிக்குக் கொஞ்ச நாளா அடக்க முடியல சார். தெரியாமலே போயிடுது. ஒருநாள் இந்தப் பையோட இங்க நின்னு அழுதுட்டிருந்தாங்க. நான்தான், இங்கயே வச்சிட்டுப் போங்க மாமி, துவைச்சுத் தரேன்னு சொன்னேன். இந்த இடத்தையும் கழுவி விட்டுடுவேன். நடுவுல ஊருக்குப் போயிட்டு நேத்துதான் வந்தேன். அதுக்குள்ள சேர்ந்து நாறிடுச்சு."

பட்டாபிராமன் பையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை பேர் முன்னாடி பேச்சு வாங்கினியேம்மா. உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல மாட்டேன்னு மாமிக்கு சத்தியம் பண்ணியிருந்தேன் சார்."

"பாவம். நாலு பேருக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு பயந்துட்டா போலிருக்கு."

ஜோவிதா தயங்கினாள்.

"இல்ல சார். வேற யாருக்குத் தெரிஞ்சாலும் பரவாயில்ல, உங்களுக்கு மட்டும் தெரியவே கூடாதுன்னுதான் சொன்னாங்க."