குறையில்லாத ரத்தம்

குழந்தையில்லாத ஆணின் ஒய் குரோமோசோமில் ஏதாவது துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில், ஒப்பிட்டுப் பார்க்கக் குறையில்லாத ஓர் ஆணின் ரத்தமும் வேண்டும். வழக்கமாகக் கொடுப்பவர் அன்று விடுப்பு. "என்னுதை எடும்மா" என்று லேப் டெக்னீஷியன் மாசிலாமணி, உடன் வேலை பார்க்கும் ஷமீலாவிடம் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

சாயங்காலம் நீல வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டும் ஒரு கோடாக ஒளிர்ந்தது. குழந்தையில்லை என்று வந்தவனுக்கு எல்லாக் கோடுகளும் இருந்தன. மாசிலாமணியின் வரிசையில்தான் ஓரிடம் இருட்டாகக் கிடந்தது.

"மருந்து கெட்டுப்போயிருக்கும் சார். வேற யார்கிட்டயாவது எடுத்துப் போடலாம்" என்றாள் ஷமீலா.

"வேணாம். இந்தக் கையில எடு."

மறுநாளும் அதே இடம் இருட்டு. தனக்குள் இவ்வளவு தூரம் போய் அவன் பார்த்ததேயில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவித் துழாவிப் பார்க்கும் குழந்தையைப் போல, அந்த இடைவெளியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

பிறகு மனைவிக்குப் போன் செய்தான். "செண்பகம், அம்மா காய்ச்சித் தர்ற கஷாயத்த இனிமே நீ குடிக்க வேணாம்."

குழந்தைக்காக மூன்று வருடமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் குடிப்பவள் அவள்.

"சரிங்க. அத்தை கேட்டா என்னன்னு சொல்ல?"