வரதராஜா மாஸ்டரின் பெயர்

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரஞ்சினி தன் மாமனாரை பிஸ்கட் தொழிற்சாலைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

வாசல் காவலாளி தடுக்கவில்லை. மெல்பேர்னுக்கு வந்த எட்டு மாதமாக அவளும் அங்கேதான் பிஸ்கட் பொதி செய்கிறாள். இன்று அவளுக்கு விடுமுறை. கணவன் சிவபாலன் உள்ளே பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான்.

காலையில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி அவன் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“அப்பாவை எங்கையெண்டாலும் கூட்டிக்கொண்டு போம். ஃபாக்டரிப் பக்கம் மட்டும் வந்திடாதையும்.”

மகன் பெட்டி சுமக்கிறான் என்பது கிழவருக்குத் தெரியும். கோலாலம்பூரில் பெரிய மகன் வீட்டில் நின்றபோதே காதில் போட்டுவிட்டார்கள். வெளிநாட்டில் ஆரம்பத்தில் அப்படித்தான் என்று அவரும் அதை ஒருமாதிரி விழுங்கிவிட்டார்.

தெரியாதது வேறு.

வேலைக்குச் சேர்ந்த அன்று சிவபாலன் நம் ஊர் வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் எழுதிக் கொடுத்தான். வரதராஜா சிவபாலன். இந்த ஊரில் முன்னால் இருப்பதுதான் ஆளைக் கூப்பிடுகிற பெயர். அதையும் முழுதாகச் சொல்ல அவர்களுக்குப் பஞ்சி, சோம்பல். ‘வரதா’ ஆக்கிவிட்டார்கள்.

வரதா, பெட்டியை எடு. வரதா, நிலத்தைக் கூட்டு. வரதா, கக்கூசுக்குள் என்ன குடித்தனமா நடத்துகிறாய்?

மாற்றிக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தான். தோளில் தட்டிச் சிரித்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. முப்பது வருடம் பள்ளிக்கூட அதிபராக இருந்த மனிதர். பெற்ற தாய் கண்ணை மூடிய பிறகு அவரைப் பெயர் சொல்லி அழைக்க ஆள் இல்லை. மாஸ்டர், அல்லது சேர். மனைவிக்கு ‘இஞ்சாருங்கோ’.

தகப்பனை நாள் முழுக்கத் திட்டு வாங்க வைக்கிறேனே என்று சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சிவபாலன் கண் கலங்குவான். அவர் காதில் மட்டும் விழுந்துவிடக் கூடாது. அவனுக்கிருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

மூன்று மணிக்கு லொறி வரும். லொறி வந்தால் ஃபோர்மன் கத்தத் தொடங்குவான்.

கிழவர் கோட்டும் டையும் அணிந்து வந்திருந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பறைகளைச் சுற்றி வருகிறவர் மாதிரி, இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் நல்ல ஒழுங்கு என்று ரஞ்சினியிடம் தலையை ஆட்டினார்.

லொறி வந்தது.

“வரதா! மூவ் யுவர் ஆர்ஸ்!”

கிழவர் ஆங்கிலம் படிப்பித்தவர். எந்த உறுப்பை நகர்த்தச் சொல்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே விளங்கியிருக்கும். ஆனால் புத்திக்கு முதல் உடம்பு முந்திக்கொண்டது. வெள்ளைக்காரப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்களைக் கண்டு வளர்ந்த உடம்பு. குதிகால் இரண்டும் ஒட்ட நிமிர்ந்தார்.

“யெஸ் சேர்.”

பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து அதே நேரம் சிவபாலனும் அதையே சொன்னான்.

ஃபோர்மன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொதி செய்கிற பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். கெட்ட பெண்கள் இல்லை. எதற்குச் சிரிக்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரியவும் தெரியாது.

சிவபாலன் வெளியே வந்தான். தகப்பனைக் கண்டதும் கையில் இருந்த பெட்டியை இறக்கி வைக்கவும் தோன்றாமல் நின்றான். பிறகு ரஞ்சினியைப் பார்த்தான்.

மாமா அடம்பிடித்தார் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது ட்ராமில் கிழவர் டையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ரஞ்சினிக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவளுடைய அப்பா கந்தையா, இதே வரதராஜா மாஸ்டரின் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் கிளாக்கராக இருந்தவர். ரஞ்சினியின் கல்யாணத்தன்று, தாலி ஏறிச் சற்று நேரம்கூட ஆகவில்லை, சம்பந்தியாகிவிட்ட அந்த மனிதரைப் பார்த்து, பந்தல் முழுக்கக் கேட்க, “கந்தையா! ஓடிப்போய்க் கதிரை கொண்டா!” என்று மாஸ்டர் கத்தினார். அப்பா நாற்காலி எடுக்க ஓடினார். பட்டு வேட்டி தடுக்கி விழுந்து எழும்பி, மறுபடியும் ஓடினார். மணவறையில் இருந்தபடி ரஞ்சினி அதைப் பார்த்தாள். பந்தலில் சிரித்தவர்களையும் பார்த்தாள்.

ஃபாக்டரிக்குப் போய் வந்த அன்று பின்னேரமே அப்பாவுக்கு நீல ஏர்மெயில் கடிதம் ஒன்று எழுதினாள். ஒன்றையும் விடவில்லை. லொறி வருகிற நேரம் பார்த்துத்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்பதையும் எழுதினாள். அப்பா ஒருதரமாவது வாய்விட்டுச் சிரிக்கட்டும் என்று நினைத்தாள்.

மாஸ்டர் ஊருக்குத் திரும்பி இரண்டு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்து.

“மகளுக்கு, நீ செய்தது பெரிய பிழை. சேர் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, உனக்காக மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் வெளியே வரவில்லை. மூன்று நாளாக அவர் வீட்டுக் கேற்றடியில் நின்றுவிட்டு வந்தேன். நாளைக்கும் போவேன்.”