சொருகாத வயர்

மாடம்பாக்கத்தில் இசை கேட்கத் தெரிந்தவர் தாம் ஒருவர்தான் என்பது கஸ்தூரிரங்கனின் அசைக்க முடியாத நம்பிக்கை. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரோடு தாழ்ந்த 'பேஸ்' ஒலிக்கென்று புதிதாக ஒரு சப்வூஃபர் பெட்டியைச் சேர்த்து மேஜைக்கடியில் வைத்ததும், எதிர்வீட்டுத் தயாளனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பேஸ் நெஞ்சுல இடிக்கறதா?"

"சும்மா அதிருது சார்!"

தரை துடைக்க வந்த மனைவி காமு ஒரு வயரைத் தூக்கிக் காட்டினாள். "ஏன்னா, இந்தப் பெட்டிக்குப் பாட்டு வர்ற வயரைச் சொருகவே இல்லையே?"

மானம் போயிற்று. பாட்டை நிறுத்திவிட்டு, குனிந்து பெட்டியில் கை வைத்தார். அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மறுகையைத் தம் நெஞ்சில் வைத்தார். அதே தாளம். பயந்தார், இரண்டும் சேர்ந்தே வேகமெடுத்தன.

"இப்பத்தான் சார் பேஸ் பிரமாதம்!" என்றார் தயாளன்.

"பாட்டுதான் நின்னுடுத்தே, அணைச்சுடறேன்" என்று காமு பெட்டியின் சுவிட்சுக்குக் கை நீட்டினாள்.