சாடினேன்

கோலப்பனுக்கு வக்கீல் வைக்க வகையில்லை. கொலைக் கேஸ் என்பதால் கோர்ட்டே ஒருவரை நியமித்தது. அவர் சாம்பமூர்த்தி. ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த கையோடு கும்பகோணத்திலிருந்து நாகர்கோவிலுக்குக் குடிவந்தவர்.

ஜெயிலில் உட்கார்ந்து வாக்குமூலத்தைப் படித்தார். 'பண்ணையார் குளத்தில் இருந்தார். நான் சாடினேன். பிறகு அவருக்கு உயிர் இல்லை.' முந்தின நாள்தான் இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது.

"இது நீ சொன்னதுதானா?"

"ஆமாய்யா. கண்ட ஒடனே சாடினேன்."

"அடித்துக்கிடித்துச் சொல்ல வைத்தார்களா?"

"ஒருத்தரும் அடிக்கல்ல. சாடினதச் சாடினேன்னுதானே சொல்லணும்?"

"செய்ததற்கு வருத்தமாவது உண்டா?"

"உண்டுய்யா. இன்னும் கொஞ்சம் முந்திச் சாடியிருக்கணும்."

சாம்பமூர்த்திக்குப் பகீரென்றது. இந்தப் பாவிக்குத் தூக்கு நிச்சயம், கருணை கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்று கேஸ் கட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

எதிரே பூதப்பாண்டி பஸ் வந்தது. அது நிற்பதற்குள் ஒரு சிறுமி படியிலிருந்து குதித்தாள். உள்ளேயிருந்து அவள் அம்மா கத்தினாள்.

"ஏட்டி, வண்டி நிக்கதுக்கு முன்ன சாடாதேன்னு எத்தன தடவ சொல்லுகது!"

சாம்பமூர்த்தி அப்படியே நின்றுவிட்டார். பிறகு வந்த வழியே ஓடினார்.

"கோலப்பா, உனக்கு நீச்சல் தெரியுமா?"

"நல்லாக் கேட்டியளே! நீச்சல் தெரியாதவன், முங்கினவரத் தூக்கக் கொளத்துல சாடுவானாய்யா?"