வெள்ளிப் பல்லியின் வால்

துண்டான வால் தரையில் கிடந்து துடித்தது. பூனை அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அதுக்குள்ள வெள்ளிப் பல்லி எஸ்கேப்!" என்று ஜெயப்ரியா கையைத் தட்டியதும் நூலகத் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள்.

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குத் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கோயிலில் அப்பா இடுப்பில் உட்கார்ந்து தொட்டவர்கள்தான். ஜெயப்ரியாவின் கதையில் தங்கப் பல்லி அக்கா, வெள்ளிப் பல்லி தங்கை. அக்கா தங்கைக்கு உத்தரத்தில் தலைகீழாக நடக்கக் கற்றுக்கொடுக்கிறாள். வாலைக் கழற்றிவிட்டுத் தப்பிப்பது எப்படி என்று தங்கை அக்காவுக்குக் காட்டுகிறாள்.

கதை ஜெயப்ரியா எழுதியது. படங்கள் தங்கை தீபிகா வரைந்தவை. அந்த வால் யோசனை மட்டும் தீபிகாவுடையது.

"அக்கா, ரெண்டு பல்லியும் ஏன் ஒரே கலர்ல இருக்குது?" முன்வரிசையிலிருந்து சிறுமி ஜோதிகா கேட்டாள்.

"இது ஜெராக்ஸ்மா. கலர் படத்தையெல்லாம் ஸ்கேன் பண்ண தீபிகா அக்கா வாலாஜாபாத் எடுத்துக்கினு போயிருக்காங்க."

காலையில் தீபிகாதான் ஜெயப்ரியாவுக்குப் புடவை மடிப்பு எடுத்துவிட்டாள். "பதிப்பகத்துல ஓகே சொல்லிட்டாங்க இல்ல? திங்கக்கிழமை சேந்தே போய் கையெழுத்துப் போடலாங்க்கா. இன்னிக்கி நீ பசங்களுக்குப் படிச்சிக் காட்டு. போனை ஆஃப் பண்ணிடு, டிஸ்டர்பா இருக்கும்."

அட்டையில் தன் பெயர்! தோசை திருப்பும்போதுகூட ஜெயப்ரியா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நூலகர் தேவகி தன் போனை நீட்டினாள். "ஜெயா, இது உன் தங்கச்சிதானே? பதிப்பகத்துல இப்பதான் பேஸ்புக்ல போட்டிருக்காங்க."

படத்தில், சென்னையிலிருக்கும் பதிப்பக அலுவலகம். தீபிகா கையில் பேனாவோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் புத்தகத்தின் அட்டை தங்கமும் வெள்ளியுமாக மின்னியது. அதன் அடியில் ஒரே வரி: 'கதையும் படமும்: தீபிகா.'

"உன் பேரை வுட்டுட்டாங்க போலருக்குதேம்மா?"

ஜெயப்ரியா போனைத் திருப்பிக் கொடுத்தாள். ஜெராக்ஸ் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

ஜோதிகா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "பல்லி ஓடிப்போச்சு. அந்த வாலு என்னக்கா ஆச்சு?"

"இங்க உக்காந்து உங்களுக்குக் கதை சொல்லிக்கினு இருக்குதுமா."